மாடிக்கு விண்ணப்பம்

எங்கள் வீட்டு மனை என் மனைவி பேரில் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம். பெண்கள் பேரில் வாங்கினால் சொத்து நிற்கும், ஆண்கள் பேரில் வாங்கினால் தங்காது என்பார்கள். நான் என் பேரில் வாங்கிய ஒரே பொருள் ஒரு மொபெட். அதை எளாவூர் செக்போஸ்ட் டீக்கடை வாசலிலிருந்து எவனோ ஓட்டிக்கொண்டு போய்விட்டான். அதனால் கும்மிடிப்பூண்டியில் மனை வாங்கியபோது நான் வாயைத் திறக்கவில்லை. பத்திரம், பட்டா, வீட்டு வரி, கரண்ட் எல்லாமே அவள் பேர்தான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்கள் ஒரே மகள் பிரசவ லீவு முடிந்து வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. மகளும் மருமகனும் ஓசூரில் ஆளுக்கொரு கம்பெனியில் வேலை பார்க்கிறார்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள என் மனைவி போனாள். “கொயந்த நடந்துச்சின்னா வந்துட்றேன்” என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். குழந்தை நடந்தது. அப்புறம் பேசியது. அப்புறம் பள்ளிக்கூட வேனில் ஏறியது. ஒவ்வொன்றுக்கும் வீட்டில் ஒரு ஆள் வேண்டியிருந்தது, அந்த ஆள் என் மனைவியாகவே இருந்தாள்.

நான் இங்கே தனியாக இருந்தேன். உருக்காலை ஒன்றின் எடைமேடையில் இருபது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். லாரி வரும், ஏறும், எடை காட்டும், டிரைவர் கையெழுத்துப் போடுவான், இறங்கும். நாள் முழுக்க யாராவது ஒருவனோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பேன். ஓய்வுக்குப் பிறகு சண்டை போடக்கூட ஆள் இல்லை. காலையில் நாஷ்டாவுக்கு பஜார் ஓட்டல், மத்தியானம் நானே வடித்த சோறு, சாயங்காலம் டிவி. சில நாள் சாயங்காலம் தொண்டையைச் செருமும்போதுதான் காலையிலிருந்து பேசவே இல்லை என்பது தெரியும்.

நீயும் ஓசூருக்குப் போய் இருக்க வேண்டியதுதானே என்று கேட்கலாம். போனேன். நாலாவது மாடி ஃப்ளாட். கீழே வாசலில் காவலுக்கு இருந்தவர், உள்ளே வரும்போதெல்லாம் நோட்டில் கையெழுத்துப் போடச் சொன்னார். என் மகள் வீட்டுக்குள் போக நான் எவனிடம் கையெழுத்துப் போட வேண்டும் என்று மூன்றாம் நாள் சத்தம் போட்டேன். இருபது வருஷம் லாரிக்காரர்களை நிறுத்தி வைத்துக் கையெழுத்து வாங்கியவன் பேசுகிற பேச்சா அது? மருமகன் இறங்கி வந்து அவரிடம் மன்னிப்புக் கேட்டார். அது எனக்கு இன்னும் கோபமாகிவிட்டது. இந்தப் புறாக்கூண்டுக்கு இனிமேல் வரமாட்டேன் என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று என் மனைவி சும்மாவா சொல்வாள். சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ளத் தெரியாமல் இங்கேயே இருந்தேன்.

முதல் வருஷம் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அவள் வந்தாள். அடுத்த வருஷம் தீபாவளிக்குக் குழந்தைக்குக் காய்ச்சல். பொங்கலுக்கு மருமகன் தன் சொந்த ஊருக்குக் குடும்பத்தோடு போவதாக மகள் போனில் சொன்னாள். சரி என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் மருமகன் போனில் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார். “எங்க கம்பெனி உங்க பக்கத்துல, ஆந்திரா பார்டர் தாண்டி ஒரு பிராஞ்ச் போடப் போறாங்களாம் மாமா. பார்க்கலாம்.” அவ்வளவுதான் சொன்னார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். என் வீட்டில் ஒரு ஹால், ஒரு ரூம், ஒரு சமையலறை. இதில் அவர்கள் எப்படி இருப்பார்கள்? மாடி கட்டினால் இடம் இருக்கும். இடம் இருந்தால் அவர்கள் வருவார்கள். அவர்கள் வந்தால் என் மனைவி வீட்டுக்கு வந்துவிடுவாள். என் கணக்கு இவ்வளவுதான், இதை யாரிடமும் சொல்லவில்லை. அவளிடம் மட்டும், “மாடி கட்டப் போறேன்” என்றேன்.

“யாருக்கு?” என்று கேட்டாள்.

“ஊருக்கு” என்றேன். உனக்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்று சொன்னவர்கள் காலத்தில் ஆன்லைன் அனுமதி கிடையாது. இருந்திருந்தால் அதையும் சேர்த்திருப்பார்கள். பஜாரில் பிளான் போட்டுத் தரும் இன்ஜினியர் பெண் ஒருத்தி இருக்கிறாள். மாடியில் இரண்டு ரூம், ஒரு ஹால், பெரிய சமையலறை என்று நான் கேட்ட மாதிரியே வரைந்து கொடுத்தாள். “விண்ணப்பத்த நானே போட்டுர்றேன் சார். ஓனர் போன் மட்டும் என்கிட்ட இருந்தாப் போதும்” என்றாள். எடைமேடையில் இருபது வருஷம் கம்ப்யூட்டர் தட்டியவனிடம் இப்படிச் சொல்லலாமா? நானே போட்டுக்கொள்கிறேன் என்று ரோஷமாகச் சொல்லிவிட்டு, மகள் விட்டுப்போன பழைய லேப்டாப்பைத் துடைத்து எடுத்து வைத்தேன்.

உரிமையாளர் பெயர் என்ற இடத்தில் மனைவி பேர். ஆதார் எண் அவளுடையது. கைபேசி எண்ணும் அவளுடையதைத்தான் போட்டேன். பட்டாவில் இருப்பவர் பேரும் போன் நம்பரும் ஒன்றாக இருந்தால்தானே சரி என்று எண்ணினேன். பட்டனைத் தட்டியதும், பதிவு செய்த எண்ணுக்கு ஓடிபி அனுப்பியிருக்கிறோம் என்று வந்தது. அந்த எண் ஓசூரில், நாலாவது மாடியில், சமையல் மேடை மேல் கிடந்தது.

கூப்பிட்டேன். “இன்னாமே, உன் போனுக்கு ஒரு மெசேஜ் வந்திருக்கும். அதுல இருக்கிற ஆறு நம்பரச் சொல்லு.”

“சொல்ல மாட்டேன்” என்றாள்.

“இன்னாது?”

“யாரு கேட்டாலும் சொல்லக்கூடாதுன்னு பொண்ணு சொல்லிக்கீறா. சொன்னா பேங்குல இருக்கிறதெல்லாம் தொடச்சி எடுத்துடுவாங்களாம்.”

“யாரு கேட்டாலும்னா நானுமா? கட்டின புருசன்மே நான்!”

“அந்த மாதிரியும் பேசுவாங்களாம்.”

நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. குரலைக் கேட்டு நான்தான் என்று நம்பி அவள் கண்ணாடியைத் தேடி எடுத்து, “நாலு… அப்புறம் ஒண்ணு…” என்று படித்து முடிப்பதற்குள் நேரம் தாண்டிவிட்டது. மறுபடி அனுப்பச் சொல்லி, மறுபடி கூப்பிட்டு, மூன்றாவது தடவையில் உள்ளே போனேன். நான் வீட்டு வரி ரசீதைத் தேடி எடுத்து வருவதற்குள் அந்த இணையதளம் என்னை வெளியே தள்ளிவிட்டது. கொஞ்ச நேரம் கையை எடுத்தால் தானாக மூடிக்கொள்ளும், உள்ளே போக மறுபடி ஓடிபி. பேஜாரு.

விண்ணப்பத்தை முடித்து அனுப்பவே ரொம்ப நாளானது. பத்திரத்தின் ஸ்கேன் அளவு பெரிசு என்று ஏறவில்லை. பழைய பிளானில் ஓரம் மடிந்திருந்தது. வீட்டை முன்னாலிருந்து ரோடு தெரியப் போட்டோ எடுக்க வேண்டும் என்றார்கள். எடுத்தால் எப்போதும் நடுவில் ஏதாவது லாரி நின்றது. ஒவ்வொன்றுக்கும் உள்ளே போக வேண்டும், ஒவ்வொரு முறையும் அவளைக் கூப்பிட வேண்டும்.

அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அவளுடைய நாள் எனக்கு மனப்பாடமாகிவிட்டது. எட்டு மணிக்குக் கூப்பிட்டால் குக்கர் சத்தம், குழந்தைக்கு ஷூ மாட்டும் சண்டை. பதினொரு மணிக்குக் கூப்பிட்டால் வீடே சத்தமில்லாமல் இருக்கும், உடனே எடுப்பாள். இரண்டு மணிக்குக் குழந்தை தூங்கும், அவள் குசுகுசு என்று நம்பர் சொல்வாள். நம்பரைச் சொல்லிவிட்டு, “சாப்ட்டியா?” என்பாள். நான் “ம்” என்பேன். “இன்னா கொயம்பு?” என்பாள். “ரசம்” என்பேன். நேரமாவுது என்று வைத்துவிடுவேன். உள்ளே போன பிறகு அந்தப் பக்கத்தில் செய்ய எனக்கு ஒன்றும் இருக்காது. விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது என்று நேற்றுப் பார்த்த அதே வரிதான் இருக்கும்.

இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதிவிடுகிறேன். விண்ணப்பம் அனுப்பி முடிந்த பிறகு நான் உள்ளே போக வேண்டிய அவசியமே இல்லை. ஏதாவது தேவைப்பட்டால் அவர்களே மெசேஜ் அனுப்புவார்கள். நான் தினமும் பதினொரு மணிக்கு உள்ளே போனேன். வேண்டுமென்றே வெளியே வந்து, சாயங்காலம் மறுபடி போனேன். கல்யாணமாகி முப்பத்து நாலு வருஷத்தில் காரணம் இல்லாமல் அவளோடு பேசியதில்லை நான். உப்பு எங்கே, சாவி எங்கே, பொண்ணுக்கு ஃபீஸ் கட்டியாச்சா. அப்படியே பழகிவிட்டது. இந்த வயசில் போன் போட்டு, சும்மாதான் கூப்பிட்டேன் என்று சொல்ல எனக்கு நாக்கு வளையாது. ஓடிபி என்றால் கௌரவமாக இருந்தது.

ஒரு நாள் விண்ணப்பம் திரும்பி வந்தது. வரைபடத்தின் எல்லாத் தாளிலும் உரிமையாளர் கையெழுத்து வேண்டும் என்று குறிப்பு. தாள்களைக் கூரியரில் ஓசூருக்கு அனுப்பினேன். நாலு நாளில் திரும்பி வந்தன. எழுத்துக் கூட்டி, முதல் எழுத்தைப் பெரிசாகப் போட்டு அவள் போடும் கையெழுத்து. தாள்களில் கொஞ்சம் மஞ்சள் தூள் ஒட்டியிருந்தது. ஸ்கேன் எடுக்கக் கடைக்குப் போகாமல் ஒரு நாள் முழுக்க அவற்றை மேஜை மேலேயே வைத்திருந்தேன்.

அடுத்த வாரம் மருமகன் கூப்பிட்டார். தங்கமான மனிதர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. “மாமா, உங்களுக்குப் பாவம் ரொம்ப அலைச்சல். அத்தைக்கும் வேலைக்கு நடுவுல ஓடி வந்து போன் எடுக்க வேண்டியிருக்கு. நேத்து நான் அவங்க போன்ல உள்ள போய் நம்பர மாத்திட்டேன். இனிமே ஓடிபி உங்களுக்கே வரும்.”

“ரொம்ப நல்லதாப் போச்சுங்க மாப்ள” என்றேன்.

அன்றைக்குப் பதினொரு மணிக்கு லேப்டாப்பைத் திறந்து பட்டனைத் தட்டினேன். என் சட்டைப் பையிலேயே டிங் என்றது. ஆறு நம்பரையும் பார்த்தேன். போடவில்லை, மூடி வைத்துவிட்டேன். எனக்கு அழுகை வந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும். அதற்குப் பிறகு ஏறக்குறைய ஒரு மாசம் நான் அவளைக் கூப்பிடவில்லை. அவளும் கூப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் கூப்பிட்டுக் குழந்தையிடம் கொடுப்பாள். குழந்தை, “தாத்தா, ஹாய், பை” என்று சொல்லிவிட்டு ஓடிவிடும்.

அனுமதி ஒரு புதன்கிழமை வந்தது. வரைபடத்தைப் பஜாரில் பெரிய தாளில் பிரிண்ட் போட்டேன். கடைக்காரர், “மாடி கட்றீங்களா? ட்ரீட் எப்போ?” என்றார். வீட்டுக்கு வந்ததும் அவளைக் கூப்பிடலாம் என்று போனை எடுத்தேன். இதைப் போனில் சொன்னால் நன்றாக இருக்காது என்று பட்டது. மறுநாள் காலை முதல் லோக்கல் பிடித்துச் சென்னை போய், அங்கிருந்து பஸ் ஏறி ஓசூர் போனேன். வாசலில் அதே மனிதர் நோட்டை நீட்டினார். கையெழுத்துப் போட்டேன். அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

கதவைத் திறந்தது என் மனைவிதான். என்னைக் கண்டதும், “இன்னா, சொல்லாம கொள்ளாம!” என்றாள். முகத்தில் சிரிப்பு வந்தது. தண்ணீர் கொண்டுவரத் திரும்பினாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தாள். தண்ணீரை வாங்கும்போது, காலில் ஏதாவது குத்திவிட்டதா என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றாள்.

சாயங்காலம் மகளும் மருமகனும் வந்தார்கள். ஹாலில் தரையில் வரைபடத்தை விரித்து, நாலு மூலையிலும் குழந்தையின் பொம்மைகளை வைத்தேன். எல்லாரும் சுற்றி உட்கார்ந்தோம். என் மனைவி மட்டும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். இது உங்கள் ரூம், இது குழந்தைக்கு, சமையல் மேலேதான், எல்லாரும் ஒன்றாகச் சாப்பிடலாம் என்று நான் விரலை வைத்து வைத்துக் காட்டினேன். மருமகன் நான் முடிக்கும்வரை என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாக, “மாமா, அந்த பிராஞ்ச் குஜராத் பக்கம் போயிடுச்சு. நான் உங்ககிட்ட அப்பவே சொல்லியிருக்கணும். நீங்க இதுக்காகத்தான் கட்றீங்கன்னு எனக்குத் தெரியாது” என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் என் மனைவி குனிந்து, வரைபடத்தின் ஓரத்தைக் காட்டி, “இது இன்னா?” என்றாள்.

“படி.”

“எத்தினி?”

“பத்தொம்பது.”

“என்னால ஏற முடியாதே” என்றாள்.

மகள் என்னைப் பார்த்தாள். “உனக்குத் தெரியாதா நைனா? அம்மாக்கு முட்டி தேஞ்சி போச்சு. ஒரு வருஷத்துக்கு மேல ஆவுது. ஊசியெல்லாம் போட்டுக்கினு இருக்காங்களே.” என்னிடம் ஏன் யாரும் சொல்லவில்லை என்று கத்த வாயைத் திறந்தேன். அம்மா சொல்லியிருப்பாள் என்று மகள் நினைத்திருந்தாள். அவள் முகத்திலேயே அது தெரிந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் காலை கிளம்பினேன். வழியனுப்ப அவள் லிஃப்டில் கூட வந்தாள். உள்ளே நாங்கள் இரண்டு பேர் மட்டும். கதவு மூடியதும் அவள், “பொங்கலுக்கு நான் ஏன் வரலன்னு தெரியுமா உனக்கு?” என்றாள்.

“மாப்ள ஊருக்குப் போனீங்க.”

“அவுங்க போனாங்க. நான் போவல. இங்கயே ஒண்டியா இருந்தேன். அவுங்க ஊர்லயும் குந்துற கக்கூஸு, நம்மூட்லயும் அதான். என்னால குந்தினா எந்திரிக்க முடியாது. அத மாப்ள எதிர்ல எப்டி சொல்றது?”

“என்கிட்ட சொல்றதுக்கு இன்னா?”

“நீ நம்பர் வாங்கிக்கினு வெச்சிடுவியே.”

லிஃப்ட் கீழே வந்து நின்றது. கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். கத்தரிக்காய் விலை சொல்வது மாதிரி சொன்னாள். அந்தப் பொங்கலன்று நான் பானை வைக்கவில்லை. பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் இட்லி வாங்கித் தின்றேன். அதே நேரம் அவள் நாலாவது மாடியில் ஒண்டியாக இருந்திருக்கிறாள். இரண்டு பேரில் ஒருவர் சொல்லியிருந்தால் போதும். நான் தலையை ஆட்டிவிட்டு நடந்தேன். பஸ்ஸில் ஆம்பூர் தாண்டும்வரை வெளியே என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது.

மாடி கட்டவில்லை. அனுமதி இன்னும் சில வருஷத்துக்குச் செல்லும் என்று இன்ஜினியர் பெண் சொன்னாள், இருக்கட்டும். ஊருக்கு வந்த இரண்டாம் நாள் பிளம்பரைக் கூப்பிட்டு, வீட்டில் இருந்த பழைய கக்கூஸைப் பெயர்த்து எறிந்துவிட்டு, உயரமான வெஸ்டர்ன் பீங்கான் வைத்தேன். பிடித்து எழுந்திருக்கச் சுவரில் ஒரு ஸ்டீல் கம்பி. வழுக்காத டைல்ஸ். மூன்றே நாள் வேலை. இதற்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை, எந்தத் தாளிலும் யாரும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. கம்பியை நானே பிடித்துத் தொங்கிப் பார்த்தேன். என் எடைக்கு அசையவில்லை.

பதினொரு மணிக்கு அவளைக் கூப்பிட்டேன். உடனே எடுத்தாள்.

“சும்மாதான்மே கூப்ட்டேன்” என்றேன்.

பீங்கான் மாற்றியதை, டைல்ஸ் போட்டதை, கம்பி வைத்ததைச் சொன்னேன். சொல்லி முடித்துவிட்டு, முப்பத்து நாலு வருஷத்தில் ஒரு தடவையும் கேட்காததைக் கேட்டேன். “ஊட்டுக்கு வர்றியா?”

வைத்துவிட்டாளோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். வைக்கவில்லை.

“கம்பி எந்தப் பக்கம் போட்டுக்கீற?” என்றாள்.

“சோத்துக்கைப் பக்கம்.”

“எனக்கு இடது முட்டிதான் மோசம்” என்றாள். “அந்தக் கால ஊன முடியாது. இடது கைப் பக்கமா போடணும்.”

போனை வைத்ததும் பிளம்பரைக் கூப்பிட்டேன். வேறு வேலையில் இருப்பதாகவும் நாளைக்கு வருவதாகவும் சொன்னார். இன்றைக்கே வர முடியுமா என்று கெஞ்சிக் கேட்டேன்.